இரண்டாவது வட்டில் ஒரு பந்தி

தாணுமாலயன் மாமா தங்கை வீட்டு விசேஷங்களுக்கு வராதவர் அல்லர். புதுவீட்டுப் பால்காய்ப்புக்கு வந்தார். தங்கையின் மூத்த மகள் ராஜிக்குப் பிள்ளை பிறந்தபோது வந்தார். தங்கையின் கணவர் சிவதாணுவுக்குக் கண்ணில் புரை எடுத்தபோது, ஒரு பை நிறைய ஆரஞ்சுப் பழங்களோடு முதல் ஆளாய் வந்து நின்றதும் அவர்தான். வருவார், நலம் கேட்பார், நெல்லின் விலையையும் கால்வாயில் தண்ணீர் வராததையும் பற்றி நான்கு வார்த்தை பேசுவார், தங்கை தாணம்மாள் அடுக்களையிலிருந்து எட்டிப் பார்ப்பதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு முற்றத்தில் இறங்கிவிடுவார். ராஜியின் கல்யாணம் முடிந்த நாளிலிருந்து அந்த வீட்டில் அவர் கை நனைத்ததில்லை.

காரணம் பூதப்பாண்டியில் எல்லோருக்கும் தெரியும். காரணம், பிரதமன்.

வெளியூர்க்காரர்களுக்கு இது சிரிப்பாக இருக்கலாம். நாஞ்சில் நாட்டில் பந்தியில் உணவைப் பரிமாறுவதில்லை, விளம்புவார்கள். விளம்புவதற்கு ஒரு முறை உண்டு, ஒரு வரிசை உண்டு, அந்த வரிசையில் ஒவ்வோர் இலைக்கும் ஒரு மரியாதை உண்டு. சாம்பாரும் புளிசேரியும் எத்தனை சுற்று வந்து போனாலும், அடையும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த பாயசமான பிரதமன் கடைசியில் வந்து இலையில் விழுந்தால்தான் அந்த மனிதரை அந்தக் குடும்பம் சாப்பிட வைத்ததாகப் பொருள். இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு ஆவணி மாதத்தில் ராஜியின் கல்யாணத்தில், முதல் பந்தியில், மாப்பிள்ளை வீட்டாருக்கு நடுவில், பெண்ணின் தாய்மாமனாக விறைப்பாக உட்கார்ந்திருந்தார் தாணுமாலயன். பிரதமன் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தவர் பெண்ணின் தகப்பன் சிவதாணுவே. இந்தப் பக்கத்து இலைக்கு விளம்பினார். அந்தப் பக்கத்து இலைக்கு விளம்பினார். நடுவில் இருந்த மைத்துனரின் இலையைத் தாண்டிப் போனார்.

இது தாணுமாலயன் தரப்பு. சிவதாணுவின் தரப்பு இன்னும் சுருக்கமானது: "நான் வெளம்பினேன்."

அன்று ஏழு வயதுச் சிறுமியாக இருந்த, ராஜியின் தங்கை சுபிதாவுக்கு இப்போது கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை சுஜித், சுசீந்திரத்துப் பையன். நாள் குறித்தாயிற்று, மண்டபம் பிடித்தாயிற்று. எல்லாம் முடிந்தபின் அம்மா தாணம்மாள் ஒரு வார்த்தை சொன்னாள்.

"எனக்க அண்ணன் இலையில இருக்காம இந்தப் பந்தியில நான் ஒரு பருக்கை தொட மாட்டேன். ராஜிக்குப் பட்டது போதும்."

சுபிதா அப்பாவைப் பார்த்தாள். அப்பா செய்தித்தாளைச் சற்று உயர்த்திக்கொண்டார்.

அழைப்பிதழோடு பூதப்பாண்டிக்குப் போனவளும் சுபிதாதான். மாமா தாம்பாளத்தை இரு கைகளாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"வராம இருப்பேனா மக்கா? ஒன்னக் கைபிடிச்சு மணவறைக்குக் கூட்டிட்டு வாறது நாந்தான். தாலி கட்டி முடிஞ்சதும் பஸ் ஏறிருவேன்."

"சாப்பிட மாட்டியளா மாமா?"

"ஒங்கப்பன் எனக்கு வெளம்பல."

"அப்பா வெளம்பினேன்னு சொல்லுகாங்களே."

"கேட்டியா, கேட்டியா! அதத்தான் நான் சொல்லுகேன்." மாமா நாற்காலியின் விளிம்புக்கு வந்துவிட்டார். "பிரதமன் போனாப் போட்டும் சவம். எனக்கு இப்போ சுகர் வேற. ஆனா வெளம்பாததை வெளம்பினேன்னு ஊரு முழுக்கச் சொல்லிட்டு நடக்காம்லா? அப்போ நான் யாரு? பொய்யனா?"

சுபிதாவுக்கு அந்தக் கணத்தில்தான் விஷயம் விளங்கியது. இத்தனை ஆண்டுகளாகக் குடும்பம் மாமாவை ஓர் இனிப்புக்காகக் கோபித்துக்கொண்ட பெரியமனிதர் என்றே கேலி பேசி வந்திருக்கிறது. அவரை வருத்தியது நாக்கு இழந்த சுவையன்று. அவருடைய சொல் இழந்த மதிப்பு. ஒருவர் பொய் சொல்கிறார் என்று ஆகாமல் இந்தச் சிக்கல் அவிழாது. ஆனால் இருவருமே பொய் சொல்லத் தெரியாதவர்கள்.

"வீடியோ எடுத்தாங்கல்லா மாமா? அதுல பாத்தாத் தெரியுமே."

மாமி உள்ளேயிருந்து சிரித்தாள். "அதப் போட்டுப் பாக்காம இருப்பாரா? இங்க உள்ள பெட்டியில அது ஓடாது மக்கா. சுத்தும், உறுமும், வெளிய துப்பிரும்."

உண்மைதான். ராஜியின் கல்யாணத்தைப் படமெடுத்தவர் மூன்று வீடியோ சிடிகளில் பதிந்து கொடுத்திருந்தார். கடையில் அச்சாகி வந்த வட்டுகள் அல்ல. கணினியில் எரித்துப் பதிந்தவை. மாமா வீட்டு டிவிடி பெட்டி எரித்த டிவிடியை ஏற்கும்; எரித்த சிடி அதற்கு ஆகாது. சுபிதா வீட்டிலோ, பழைய சண்டையைக் கிளறும் என்று அம்மா அவற்றைப் பட்டுப்புடவை மடிப்பில் வைத்துவிட்டாள்; யாரும் போட்டுப் பார்த்ததில்லை.

"அப்போ நான் போன்ல ஏத்திக் கொண்டு வாறேன்."

"போன் வேண்டாம்." மாமா கையை வீசி மறுத்தார். "போன்ல இப்போ எவனும் எதையும் செய்யுகான். செத்தவன் எந்திரிச்சு வந்து பாடுகான், பூனை பைக் ஓட்டுகு. டிவியில போடு, டிஸ்கில போடு. அப்போ நம்புகேன்."

சுபிதா வேலை பார்ப்பது வடசேரியில் ஒரு ஸ்டுடியோவில். கல்யாண வீடியோக்களைத் தொகுப்பது அவள் பணி. பழைய கேசட்டையும் வட்டையும் புதிதாக மாற்றித் தருவது அவளோடு வேலை பார்க்கும் பிபினின் பொறுப்பு. கருங்கல் ஊர்ப் பக்கத்துக்காரன், பேச்சில் மலையாளம் பாதி, உற்சாகம் மீதி. மங்கலாக எது கையில் கிடைத்தாலும் அதைப் பளபளவென்று ஆக்காமல் அவனால் இருக்க முடியாது. தன்னுடைய அடையாள அட்டையில் இருக்கும் முகத்தையே அவன் நான்கு முறை வெளுப்பாக்கியிருந்தான்.

"கொண்டா சுபி. புத்தம் புதுசாக்கித் தாறேன். எனக்க கல்யாணப் பரிசுன்னு வச்சுக்கோ."

முகூர்த்த மாதம். அன்றைக்கே சுபிதாவுக்கு வட்டக்கோட்டையில் ஒரு ஜோடியின் படப்பிடிப்பு. கோட்டைச் சுவரில் நின்று கடலைப் பார்க்கச் சொன்னால் அந்தப் பெண் கேமராவைப் பார்த்தாள். கேமராவைப் பார்க்கச் சொன்னால் கண்ணுக்குள் காற்று மண்ணை வீசியது. திரும்பி வந்தபோது மேசையில் டிவிடி தயாராக இருந்தது. முதல் சில நிமிடங்களை ஓடவிட்டுப் பார்த்தாள். ராஜி அக்காவின் முகம் பீங்கானைப் போல மின்னியது. மஞ்சள், சிவப்பு, பச்சை எல்லாம் இன்று காலை பூசியவை போல இருந்தன. படம் திரையின் ஓரம் முதல் ஓரம் வரை நிறைந்திருந்தது. நன்றி சொல்லிவிட்டு, பந்தி வரும் இடத்தைப் பார்க்காமலே பையில் போட்டுக்கொண்டாள். தன் குடும்ப வழக்கின் சாட்சியை நீதிமன்றத்தில் ஏற்றுவதற்கு முன் ஒருமுறை விசாரித்திருக்க வேண்டும் என்பது அவளுக்கு ஞாயிற்றுக்கிழமை மாமா வீட்டில் உறைத்தது.

மாமா குளித்து, நீறிட்டு, தொலைக்காட்சிக்கு நேரே உட்கார்ந்திருந்தார். தாமரை விரிந்தது, தாமரைக்குள் ராஜியின் முகம் வந்தது, இதயம் ஒன்று பறந்துவந்து மாப்பிள்ளையை விழுங்கியது. அந்தக் காலத்து அலங்காரங்கள் அத்தனையும் வரிசையாகக் கடந்தன. பிறகு பந்தி. குரல் எதுவும் கேட்காது. படமெடுத்தவர் அதன்மேல் நாதஸ்வரத்தை ஒட்டிவைத்திருந்தார்.

திரை முழுக்க முகங்கள். நடுவில் மாமா, கருகருவென்ற மீசையோடு, பக்கத்தில் இருந்த மாப்பிள்ளையின் பெரியப்பாவிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். இடப்பக்கமிருந்து அப்பா வாளியோடு நுழைந்தார். முதல் ஆளிடம் குனிந்தார். நிமிர்ந்தார். மாமாவின் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். மாமாவின் வயிற்றுக்கு முன்னால் புகை போல ஏதோ ஒன்று மங்கி மறைந்தது. குனியவில்லை. தாண்டிப் போய்ப் பெரியப்பாவிடம் குனிந்தார்.

மாமா எழுந்து நின்றுவிட்டார்.

"பாத்தியா! பாத்தியா மக்கா! பாத்துக்கிட்டே போறான் பாரு! ஏட்டி, இங்க வா! எத்தனை வருஷமாட்டு சொல்லுகேன்!"

மாமி கரண்டியோடு வந்தாள். மாமா பின்னால் ஓட்டிப் போட்டார். அப்பா மறுபடியும் தாண்டிப் போனார். மாமா மறுபடியும் ஓட்டினார். வழியில் போன பக்கத்து வீட்டுக்காரரையும் கூப்பிட்டு உட்கார வைத்தார். அப்பா அன்று எத்தனை முறை மைத்துனரை அவமதித்தார் என்று சொல்ல முடியாது; மாமாவின் முகத்தில் மட்டும் ஒவ்வொரு முறைக்கும் ஒரு வயது குறைந்துகொண்டே வந்தது.

"மக்கா, நீ எனக்கு செய்தது பெரிய உபகாரம். இனி ஒங்கப்பன் இங்க வரட்டும். 'வெளம்பல'ன்னு ஒரே ஒரு சொல்லு சொல்லட்டும். அதுக்குப் பின்ன இலையப் பத்திப் பேசலாம். சொல்லலன்னா, மணவறைக்கும் வேற ஆளப் பாத்துக்கோ."

சுபிதா பேருந்தில் சன்னலோரம் உட்கார்ந்தாள். நேற்றுவரை மாமா தாலி கட்டும்வரையாவது நின்றிருப்பார். இப்போது அதுவும் போயிற்று. நன்மை செய்யப் போய் வீட்டுக்கு நெருப்பு வைத்தாயிற்று என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டாள். அப்பா பொய்யர் என்பது திரையில் தெளிவாகத் தெரிந்துவிட்டது. அத்தனை தெளிவு. அந்தத் தெளிவில்தான் ஏதோ ஒன்று அவளை உறுத்தியது.

திட்டுவிளை நிறுத்தத்தில் யாரோ ஒருவர் வாழை இலைக் கட்டு ஒன்றைப் பேருந்துக்குள் ஏற்றி, அவள் காலருகே வைத்தார். அந்தப் பச்சையைப் பார்த்தபோது உறுத்தல் சொல்லாக மாறியது.

பந்தியில் இலையே இல்லை.

முகங்கள் இருந்தன, தோள்கள் இருந்தன, வாளியின் விளிம்பு இருந்தது. அப்பா குனிந்தது எதன்மேல் என்பது மட்டும் திரையில் இல்லை. அவள் எத்தனையோ கல்யாணங்களைத் தொகுத்தவள். தாலி கட்டும் கணத்தைத் தவறவிட்ட கேமராக்காரர்களை அவளுக்குத் தெரியும். மாப்பிள்ளையை அடையாளம் தெரியாமல் மாப்பிள்ளைத் தோழனையே படமெடுத்தவரையும் தெரியும். ஆனால் இந்த ஊரில் இலையை விட்டுவிட்டுப் பந்தியைப் படமெடுத்த ஒருவரை அவள் கண்டதில்லை. என்னென்ன கறி வைத்தார்கள் என்று பிற்பாடு பார்ப்பதற்குத்தானே பாதிப்பேர் கல்யாண வீடியோவையே போடுகிறார்கள்!

மறுநாள் பிபின் தேநீரைக் கையில் எடுக்கும் முன்பே பிடித்துக்கொண்டாள்.

"ஏலே, இலை எங்க?"

"எந்த இலை?"

"வாழ இலை. எனக்க மாமாவுக்க முன்னால இருந்த இலை."

பிபின் விழித்தான். பிறகு அவனுக்குப் புரிந்தது. புரிந்ததும் பெருமையாகவே சொன்னான். "அதுவா? பழைய படம் சதுரமாட்டு இருக்கும்லா. இப்போ உள்ள டிவி நீளம். அப்படியே போட்டா ரெண்டு சைடிலயும் கறுப்புப் பட்டை வரும். ஆளுவ ஏசும், 'என்ன, பாதிப் படம் தந்திருக்க'ன்னு. அதனால பெருசாக்கி, மேலயும் கீழயும் கொஞ்சம் வெட்டினேன்."

"பாதிப் படம் தந்திருக்கன்னு ஏசக் கூடாதுன்னு பாதிப் படத்த வெட்டினியா?"

"நீ சொல்லும்போ அது மோசமாட்டுத் தெரியுது," என்றான் பிபின்.

"பின்ன மாமாவுக்க வயித்துக்கு முன்னால ஒரு புகை மாதிரி போச்சே, அது என்ன?"

"புகையா? அது புள்ளியத் துடைக்கது. பழைய வீடியோவுல புள்ளி புள்ளியா நெளியும்லா, அத எல்லாம் மெஷினே துடைச்சிரும். கொள்ளாம்லா, நல்லா இருக்குல்லா?"

"புள்ளியத் துடைச்சுதா, வேற எதையாவது துடைச்சுதா?"

இதற்கு விடை மூல வட்டிடம்தான் இருந்தது.

பந்தி பதிந்திருந்த இரண்டாவது வட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். விரல் தடங்கள், அம்மாவின் பட்டுப்புடவை மடிப்பிலிருந்து வந்த ஒரு ஜரிகைத் துணுக்கு, மெல்லிய கீறல்கள். வட்டைத் தண்ணீரில் காட்டி, மென்மையான பருத்தித் துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேர்கோட்டில் ஒற்றித் துடைத்தாள். வட்டமாகத் துடைத்தால் கீறல் தடத்தின் போக்கிலேயே விழும். அதன்பின் வட்டைப் படிக்கும் ஒளிக்கதிருக்கு அங்கே வழி இராது. வீடியோ சிடியில் இன்னொரு சிக்கலும் உண்டு. சாதாரண வட்டில் ஓர் இடம் பழுதானால் அதை ஈடுகட்டக் கூடுதல் குறிப்புகள் பதிந்திருக்கும். படத்துக்கு இடம் போதாமல் வீடியோ சிடியில் அவற்றில் ஒரு பங்கை விட்டுவிட்டார்கள். அதனால் அவசரமாகப் படித்தால் பழுது அப்படியே படத்தில் வந்து உட்காரும். புதிய டிரைவ் வேகமாகச் சுற்றித் திணறியது. பின்னறையில் தூசி மூடிக்கிடந்த பழைய கணினியின் டிரைவைத் துடைத்து இணைத்து, அதன் வேகத்தை ஆகக் குறைந்த அளவுக்கு இறக்கினாள். அது முனகிக்கொண்டே, ஆனால் எதையும் தவறவிடாமல், வாசித்தது. ஓடவிட்டுப் பதிவு செய்யவில்லை. வட்டில் உள்ளதை உள்ளபடியே பிரதி எடுத்தாள்.

பிறகு அதைத் திறந்தாள். பிபினும் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்தான்.

படம் சிறிதாக, சதுரமாக, புள்ளிகள் நெளிய, கட்டம் கட்டமாக இருந்தது. ராஜி அக்காவின் முகத்தில் பீங்கான் இல்லை, வியர்வை இருந்தது. பந்தி வந்தது. இலைகள் வந்தன, திரையின் கீழ்ப்பகுதி முழுக்கப் பச்சையாக. அப்பா வாளியோடு நுழைந்தார். முதல் இலைக்கு விளம்பினார். நிமிர்ந்தார். மாமாவைப் பார்த்தார்.

அந்தக் கணத்தில் மாமாவின் கை, உள்ளங்கை கீழே பார்க்க, விரல்கள் விரிந்து, இலைக்கு மேலே குறுக்காகப் போய்வந்தது. ஒரே ஒரு வீச்சு. அப்பா தலையை ஆட்டிவிட்டுத் தாண்டிப் போனார்.

"அய்யோ," என்றான் பிபின். "மெஷின் துடைச்சது அதத்தான்."

வேகமாக அசைந்த ஒரு கையை அந்த மென்பொருள் அழுக்கென்று முடிவுகட்டி, முன்னும் பின்னும் உள்ள படங்களில் இருந்த சட்டையின் வெண்மையை எடுத்து அதன்மேல் பூசியிருக்கிறது. மீதி இருந்த விரல்களை வெட்டு எடுத்துக்கொண்டது. பந்தியில் இலைக்கு மேல் கையை விரித்தால் அதற்குப் பொருள் ஒன்றுதான் என்பதை அந்த மென்பொருளுக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. அதன் பொருள்: போதும்.

சுபிதாவின் மகிழ்ச்சி ஒரு நிமிடம்கூட நீடிக்கவில்லை. அப்பா விளம்பவில்லை, ஆகவே அப்பா சொன்னது பொய். மாமா போதும் என்று கை காட்டியிருக்கிறார். ஆகவே மாமா சொன்னதும் பொய். இதைக் கொண்டுபோய்ப் போட்டால், இதுவரை ஒருவர் பொய்யராக இருந்த குடும்பத்தில் இருவர் ஆவார்கள்.

"அந்தக் கைய மட்டும் பெருசாக்கி, சிவப்பில ஒரு வட்டம் போட்டு, அம்புக்குறியும் வச்சிரலாமா?" என்றான் பிபின். பிராயச்சித்தம் செய்யத் துடித்தான்.

"வேண்டாம். இனி ஒரு புள்ளியத் தொட்டாலும் அவரு நம்ப மாட்டாரு. எனக்கும் நம்பிக்கை வராது."

உண்மையில் தொட வேண்டிய தேவையும் இல்லை. டிவிடி என்றால் படம் பெரிதாகத்தான் இருக்க வேண்டும் என்பது ஸ்டுடியோக்காரர்களின் பழக்கமே அன்றி, டிவிடியின் நிபந்தனை அன்று. வீடியோ சிடியின் அந்தச் சிறிய படத்தை அது இருக்கும் அளவிலேயே டிவிடி ஏற்றுக்கொள்ளும். அதை மறுபடியும் பிழிந்து சுருக்காமல், உறையை மட்டும் மாற்றி உள்ளே வைத்துவிடலாம். ஒலி மட்டும் ஒத்துப்போகாது; இரண்டுக்கும் ஒலியைப் பதியும் அளவு வேறு. ஆகவே நாதஸ்வரத்தை மட்டும் டிவிடிக்கு ஏற்றபடி மாற்றினாள். படத்தில் கை வைக்கவில்லை. இரு பக்கமும் கறுப்புப் பட்டைகள் நின்றன; நிற்கட்டும் என்று விட்டாள். நல்ல வெற்று வட்டில் நிதானமான வேகத்தில் பதிந்தாள். இம்முறை மூலத்தையும் பிரதியையும் அருகருகே ஓடவிட்டு, பந்தி முழுவதையும் இலை இலையாகச் சரிபார்த்தாள்.

அப்பாவை ஸ்கூட்டரில் ஏற்றுவதுதான் வட்டைப் படிப்பதைவிடக் கடினமாக இருந்தது.

"நான் வெளம்பினேன். அதுக்கு எதுக்கு அங்க வரணும்?"

"வெளம்பினா வந்து பாக்கதுக்கு என்ன?"

"ரோட்டுல பள்ளமா கிடக்கு."

"நீங்க ஓட்டுங்க, நான் பின்னால இருக்கேன். பள்ளம் வந்தா சொல்லுகேன்."

வழி நெடுக அவர் பள்ளங்களைப் பற்றி மட்டுமே பேசினார். மாமா வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினார். மாமா எழுந்து வரவேற்றார், மரியாதைக்குக் குறைவில்லை. ஆனால் கண்களில் வென்றவரின் பெருந்தன்மை மினுங்கியது.

"வாரும் மாப்ளே. இரியும். சொல்ல வேண்டியத இருந்தே சொல்லலாம்."

"மாமா, மொதல்ல இதப் பாருங்க," என்று சுபிதா குறுக்கிட்டாள். "அன்னைக்குக் கொண்டு வந்தது வெட்டினது. இது முழுசு."

மாமாவுக்குப் படத்தைப் பார்த்ததும் முகம் சுருங்கியது. "இது என்ன மக்கா, சின்னதாப் போச்சு? அன்னைக்கு உள்ளதுதான் நல்ல கிளியரு."

"அதுல இலை இல்ல மாமா."

"இலை இல்லியா?" மாமா யோசித்தார். இப்படியொரு குறையை அவர் எப்படிக் கவனிக்காமல் போனார் என்ற வியப்பு அவர் முகத்தில் தெரிந்தது. கோபத்துக்கும் வெட்டத் தெரியும் போலிருக்கிறது.

பந்தி வந்தது. இலைகள் வந்தன. அப்பா வந்தார். கை போய்வந்தது. அப்பா தாண்டினார். சுபிதா படத்தை நிறுத்தினாள்.

முதலில் பேசியவர் அப்பா. "நான் வெளம்பலியே," என்றார், திருடுபோன பொருளைத் தன் பையிலேயே கண்டவரைப் போல. "அத்தான், நான் வெளம்பல! வெளம்பினேன்னுதானே எனக்கு ஓர்ம. இந்தப் பக்கம் வெளம்பினேன், அந்தப் பக்கம் வெளம்பினேன், நடுவுல உள்ளதையும் சேத்து நெனச்சிருக்கேன்."

மாமா திரைக்கு அருகே போய்க் குனிந்தார். "அது எனக்க கையா?"

"ஒங்களுக்குப் பதில் வேற யாராவது கை நீட்டுவாங்களா?" என்றாள் மாமி. "போதும்னு காட்டிட்டுத்தான் இத்தன வருஷம் எனக்க சிவதாணு அண்ணாச்சிய வாய்ல போட்டு மென்னியளா?"

"நான் போதும்னு காட்டல!" மாமா திரையை விட்டு நிமிர்ந்தார். "சத்தியமாட்டு காட்டல. பிரதமன் வரும்போ எவனாவது போதும்னு சொல்லுவானா?"

சுபிதா அஞ்சிய இடம் இதுதான். மாமா பொய் சொல்லவில்லை என்பது அவர் முகத்தில் எழுதியிருந்தது. அவர் கை திரையில் உறைந்து நின்றது. இரண்டும் எப்படி உண்மையாக இருக்க முடியும்? அவள் படத்தைப் பின்னால் தள்ளி, மெதுவாக ஓடவிட்டாள். கையை அல்ல, இம்முறை முகத்தைப் பார்த்தாள். மாமாவின் முகம் அப்பாவை நோக்கித் திரும்பவே இல்லை. அது பெரியப்பாவைப் பார்த்து, எதையோ தீவிரமாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

"மாமா, அவருகிட்ட என்ன பேசிட்டு இருந்திய?"

"அதெல்லாம் எங்க ஓர்ம இருக்கு? அவரு வயக்காரரு. வயலப் பத்திதான் பேசியிருப்பேன். அந்த வருஷம் கன்னிப்பூ நெல்லு அறுக்க ஒரு வாரம் இருக்கும்போ மழை அடிச்சு ஊத்திச்சுல்லா? நம்ம கீழ வயலு அப்படியே..."

சொல்லிக்கொண்டே மாமா உள்ளங்கையைக் கவிழ்த்து, விரல்களை விரித்து, காற்றில் கிடையாக வீசிக் காட்டினார். "...அப்படியே படுத்துட்டு. ஒரு தட்டை நிக்கல."

கை அந்தரத்திலேயே நின்றுவிட்டது. மாமா அதைப் பார்த்தார். மற்ற மூவரும் அதைப் பார்த்தார்கள். திரையில் இருந்த கையும் அதே சாய்வில், அதே விரிவில், இலைக்கு மேலே நின்றது.

முதலில் மாமிதான் வெடித்தாள். கையிலிருந்த கரண்டியைக் கீழே போட்டுவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "நெல்லு படுத்ததுக்கு... நெல்லு படுத்ததுக்கா அண்ணாச்சி வாளியத் தூக்கிட்டு ஓடினாங்க?"

அப்பா சிரிக்கவா வேண்டாமா என்று மாமாவைப் பார்த்தார். மாமாவின் மீசை துடித்தது. அடக்கினார், முடியவில்லை. அந்த வீடே சிரிப்பில் குலுங்கியது.

ஆனாலும் தாணுமாலயன் அத்தனை சுலபத்தில் வழக்கை முடித்துக்கொள்ளும் மனிதர் அல்லர். கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"சரி ஓய். கை காட்டினேன்னே வச்சுக்கிடும். கை காட்டினா ஒடனே போயிருவீரா? 'அத்தான், ஒரு அகப்பை'ன்னு நிர்பந்திக்க வேண்டாமா? பெண்ணுக்க தாய்மாமன்லா நான்?"

"பின்னால மாப்ள வீட்டுக்காரன் அத்தன பேரு இலையப் பாத்துட்டு இருக்கான் அத்தான். நீங்க சொந்த ஆளுல்லா, வேணும்னா கேப்பியன்னு நெனச்சேன்."

"கேப்பேனா? பிரதமனக் கேட்டு வாங்குவேனா? எந்த ஊருல ஓய் அப்படி உண்டு?"

"அப்போ படுத்த நெல்ல இலைக்கு மேல வச்சா காட்டுவாங்க? பக்கத்துல காட்டப்பிடாதா?"

"நான் எங்க காட்டணும்னு நீரு சொல்லுவீரோ!"

குரல்கள் ஏறின. ஆனால் சுபிதாவுக்குப் பயம் இல்லை. இத்தனை காலமும் இருவரும் ஒருவரைப் பற்றி மற்றவர் ஊராரிடம் பேசிக்கொண்டிருந்தார்கள். இன்றுதான் ஒருவரோடு ஒருவர் பேசுகிறார்கள். இந்தச் சண்டையில் பொய்யர் எவரும் இல்லை. மாமி ஏத்தன் வாழைக்காய் வறுவலைக் கொண்டுவந்து நடுவில் வைத்தாள். பேச்சின் வேகத்தில் இருவர் கையும் ஒரே தட்டுக்குள் போய்வந்தன.

"இந்தக் கல்யாணத்துக்கு யாரு வைக்கா?" என்றார் மாமா, வாயில் வறுவலோடு. சமையலைப் பற்றிய கேள்வி அது.

"திட்டுவிளைக்காரன்கிட்ட சொல்லியிருக்கு."

"அவனா? அடைய மாவாக் கரைச்சிருவானே! தேங்காப்பால் எப்படிச் சேக்கதுன்னு அவனுக்குத் தெரியுமா? ஒண்ணாம் பால அடுப்புல வச்சுக் கொதிக்க விடுகவன்லா அவன்? மொத பந்தியில நான் இருந்து அதத் திங்கணுமா?"

'இருந்து' என்ற சொல்லை சுபிதா கேட்டாள். அப்பாவும் கேட்டார், ஆனால் அவர் அதற்குள் திட்டுவிளைக்காரனுக்கு வக்காலத்து வாங்கத் தொடங்கியிருந்தார்.

"போன மாசம் பூதப்பாண்டியில ஒரு சடங்குக்கு வச்சான் அத்தான். நல்லாத்தான் இருந்துச்சு."

"நாக்கு இல்லாதவன் சொல்லியிருப்பான். வாரும், இப்பமே போயி அவனப் பாப்போம். நான் ரெண்டு வார்த்தை சொன்னாத்தான் ஒழுங்கா வைப்பான்."

மாமா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு முற்றத்தில் இறங்கினார். அப்பா சாவியைத் தேடினார். ஸ்கூட்டர் கிளம்பியது; பின்னால் உட்கார்ந்திருந்த மாமா, தேங்காய்ப்பாலை எந்தப் பதத்தில் இறக்க வேண்டும் என்று அப்பாவின் காதில் உரக்க விளக்கிக்கொண்டே போனார். சுபிதா அந்த வண்டியில்தான் வந்தாள் என்பது இருவருக்கும் நினைவில் இல்லை.

அவள் அம்மாவைக் கைபேசியில் அழைத்தாள்.

"என்னாச்சு மக்கா? சண்டையா?"

"நல்ல சண்டை. இப்போ ரெண்டு பேருமா திட்டுவிளைக்குப் போயிருக்காங்க, சமையல்காரர ஏசதுக்கு."

மறுமுனையில் பாத்திரம் ஒன்றைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"ரெண்டு பேருமா?" என்றாள் தாணம்மாள். பிறகு, நம்ப முடியாத குரலில், "ஒரே வண்டியிலயா?"